வாசல் தேடி வந்த வைத்தியம்

அறபு மொழியில் காசநோய்க்கு ‘ஸில்லு’ என்று பெயர். உறையிலிருந்து வாளை மெல்ல உருவி எடுப்பதற்கும் அதே வேர்ச்சொல்லைத்தான் கையாள்வர். மனிதனின் ஊனையும் உயிரையும் ஓசையின்றி உருவிக்கொண்டு போகும் நோய்க்கு அப்பெயர் பொருத்தமானதே. நம் தமிழ் முன்னோர் அதனை எலும்புருக்கி என்றனர். வடமொழியாளர் க்ஷயம், அதாவது தேய்தல் என்றனர். கடலும் மலையும் இடையிட்ட மூன்று மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டு கலங்கி, ஏறக்குறைய ஒரே பொருள்படப் பெயரிட்டிருக்கின்றனர்.

அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பற்றக்கூடியது என்று, ஹகீம்களின் தலைவர் எனப் போற்றப்பெற்ற இப்னு ஸீனா (980–1037) தம் ‘கானூன்’ என்னும் பெருநூலில் குறித்து வைத்தார். பற்றும் பொருள் எது என்பதைக் கண்ணால் காண உலகம் மேலும் எட்டரை நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், காசநோய்க் கிருமியைத் தாம் கண்டுபிடித்ததை அறிவித்தார்.

கிருமி கிடைத்தது, மருந்து கிடைக்க இன்னும் அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. மருந்து கிடைத்த பின்னரும், அது ஏழையின் வாய்க்குச் சென்று சேரும் வழி எது என்ற வினா எஞ்சி நின்றது. அவ்வினாவுக்கு உலகத்தார் ஏற்றுக்கொண்ட விடை நம் சென்னை நகரத்தின் சந்துகளிலே பிறந்தது. அவ்வரலாற்றையும், அதில் பெயரின்றிப் போனவர்களையும் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றே மருந்து என்றிருந்த காலம்

மருந்தில்லாத காலத்தில் மருத்துவர் அறிந்திருந்தவை மூன்று: நல்ல காற்று, நல்ல உணவு, நல்ல ஓய்வு. இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடங்களைச் ‘சானடோரியம்’ என்றழைத்தனர். ஐரோப்பாவின் மலைச் சரிவுகளில் எழுந்த அவ்வில்லங்கள் நம் நாட்டுக்கும் வந்தன. சென்னைக்கருகே தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து அத்தகைய ஒன்றை நிறுவினார். இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே அழைக்கப்படுகிறது.

எங்கள் வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். குற்றாலத்து அருவியில் விழும் நீர்தான் எங்கள் வயல்களை நனைக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து இறங்கும் சாரற்காற்று எங்கள் திண்ணைவரை வந்து சேரும். நெஞ்சுச் சளியுள்ளவர்களை, வசதியிருந்தால், குற்றாலத்தில் வீடு பிடித்துச் சில மாதம் தங்கச் செய்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேனாட்டார் மலைச் சரிவில் சானடோரியம் கட்டியதும், நம்மவர் குற்றாலத்தை நாடியதும் ஒரே நம்பிக்கையின் பாற்பட்டவை.

நம்பிக்கை தவறன்று, ஆனால் அது செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. நாற்று நடும் பெண்ணும், தறியில் அமர்ந்தவனும், பீடி சுற்றும் தாயும் ஆறுமாதம் ஓய்வு கொள்வதெங்ஙனம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய நாடு தழுவிய ஆய்வு, கிராமங்களிலும் நகரங்களுக்கு ஏறத்தாழ இணையாக இந்நோய் பரவியிருப்பதைக் காட்டிற்று. நோயாளிகளோ இலட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் மட்டுமே. எல்லார்க்கும் படுக்கை கட்டி முடிக்க ஒரு தலைமுறையும் போதாது என்பது எவர்க்கும் விளங்கிற்று.

மண்ணும் ரசாயனமும் தந்த கொடை

இதற்கிடையே ரசாயன விஞ்ஞானிகள் தங்கள் கூடங்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் கல்லூரியில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர், மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் சுரக்கும் பொருளொன்று காசக்கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதைக் கண்டார். அதுவே ஸ்ட்ரெப்டோமைசின். உயிருள்ள காசக்கிருமியோடு பழகும் அந்த ஆபத்தான வேலையைக் கட்டடத்தின் அடித்தள அறையில் அவர் தனியே செய்தார். 1952-இல் அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வந்தபோது, அது அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. தாமும் கண்டுபிடித்தவரே என்பதை நிலைநாட்ட ஷாட்ஸ் அதற்கு முன்பே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

சுவீடன் நாட்டின் யோர்கன் லேமன் வேறு வழியில் சிந்தித்தார். சாலிசிலிக் அமிலத்தைக் கண்டால் காசக்கிருமி அதனை விரும்பி ஏற்று வேகமாகச் சுவாசிக்கிறது என்று முன்னரே ஒருவர் கண்டறிந்திருந்தார். அப்படியானால், அதே உருவில் சிறு மாற்றத்துடன் ஒரு போலிப் பொருளைக் கொடுத்தால் கிருமி ஏமாந்து முடங்குமன்றோ? பூட்டினுள் நுழைந்தபின் திரும்ப மறுக்கும் கள்ளச்சாவி போன்ற அப்பொருளே பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். சுருக்கமாகப் ‘பாஸ்’ என்பர்.

மூன்றாவது மருந்தான ஐசோனியாசிட்டின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1912-ஆம் ஆண்டிலேயே பிராக் நகரில் இரு வேதியியலார் அதனைத் தயாரித்து, பட்ட ஆய்வுக்குரிய ஒரு பொருளாக எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டனர். அதன் அருமை நாற்பதாண்டுகள் எவர்க்கும் தெரியவில்லை. 1952-இல்தான் ஒன்றையொன்று அறியாமல் மூன்று மருந்து நிறுவனங்கள் அதன் ஆற்றலைக் கண்டன. அந்நாற்பதாண்டுகளில் மாண்டவர் எத்தனை கோடியோ, அல்லாஹ்வே அறிவான்.

நியூயார்க்கைச் சேர்ந்த ஸீ வியூ என்னும் காசநோய் மருத்துவமனையில் அம்மருந்தின் முதற் சோதனைகள் நிகழ்ந்தன. அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1929-ஐ ஒட்டி, நோய்க்கு அஞ்சி வெள்ளைச் செவிலியர் வேலையை விட்டு விலகினர். அவ்விடங்களை நிரப்ப, வேறெங்கும் வேலை மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் தென் மாநிலங்களிலிருந்து அழைக்கப்பட்டனர். மருந்தில்லாத காலமெல்லாம் இரத்தமும் சளியும் கலந்த கட்டில்களினருகே நின்றவர்கள் அவர்களே. அவர்களுடைய வரலாறு அண்மைக் காலத்தில்தான் நூலாக எழுதப்பெற்றது.

மருந்து வந்தவுடன் வெற்றி வந்துவிடவில்லை. பிரிட்டனில் நடந்து 1948-இல் வெளியான புகழ்பெற்ற சோதனையொன்றில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது இரு சாராரிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்பதே காரணம்.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். பத்து இலட்சம் கிருமிகளில் ஒன்று ஒரு மருந்துக்கு அடங்காததாக இயல்பிலேயே பிறக்கிறது என்று கொள்வோம். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக்கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்தைக் கொடுத்தால் அடங்காத நூறு கிருமிகள் பிழைத்து, பெருகி, மீண்டும் குழியை நிரப்பும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டுக்கும் அடங்காத ஒன்று இருப்பதற்கான வாய்ப்பு இலட்சம் கோடியில் ஒன்றாகிவிடும். ஆகவே மருந்துகளைக் கூட்டாகவும் நீண்ட நாட்களும் இடைவிடாமலும் உட்கொள்ள வேண்டும் என்ற விதி பிறந்தது. ‘இடைவிடாமல்’ என்ற அச்சொல்லிலேதான் இனி வரும் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சேத்துப்பட்டில் தொடங்கிய சோதனை

1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் ‘காசநோய் ரசாயன மருத்துவ மையம்’ தொடங்கப்பெற்றது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கை கோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார்.

அவர்கள் எழுப்பிய வினா எளியது, துணிவானது. மாத்திரை கைக்கு வந்துவிட்ட பின் சானடோரியம் தேவையா? வீட்டிலேயே வைத்து நோயைத் தீர்க்க முடியாதா?

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் எப்பிரிவு என்பதை மருத்துவரின் விருப்புக்கோ நோயாளியின் செல்வாக்குக்கோ விடாமல், குலுக்கற்சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவார் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குப் படுக்கை, ஓய்வு, சத்துணவு, செவிலியரின் கவனிப்பு அனைத்தும் கிடைத்தன. மற்றப் பிரிவார் தங்கள் குடிசைகளிலேயே இருந்தனர். காற்றோட்டமில்லாத ஓரறை, அதில் பலர், அரைவயிற்று உணவு. உடல் சற்றுத் தேறியதும் பலர் வேலைக்கும் போகலாயினர். இரு சாராருக்கும் ஒன்றாகவே இருந்தவை ஓராண்டு காலம் உட்கொண்ட ஐசோனியாசிட், பாஸ் மாத்திரைகள் மட்டுமே.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. குடிசையில் நூற்றுக்கு 86. பின்னர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அந்தச் சிறு வேறுபாடும் மறைந்தது. நோயாளியோடு ஒரே அறையில் வாழ்ந்த மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகப் பற்றிற்றா என்று பார்த்தனர். சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டோரின் குடும்பங்களைவிட இக்குடும்பங்களில் நோய் மிகவில்லை. ஏனெனில் பற்றியதெல்லாம் பெரும்பாலும் நோய் அறியப்படுவதற்கு முன்னரே பற்றிவிட்டது. மருந்து தொடங்கியபின் பரவும் வேகம் தணிந்துவிடுகிறது.

இம்முடிவு உலகெங்கும் எதிரொலித்தது. பணக்கார நாடுகள் தங்கள் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடின. ஏழை நாடுகள் படுக்கைக்காகக் காத்திராமல் மருந்தளிக்கலாயின. 1962-இல் நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது வீட்டுச் சிகிச்சையே அதன் அடித்தளமாயிற்று. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து ஒதுக்குவதே முறை என்றிருந்த பழைய எண்ணத்தைச் சென்னையின் குடிசைகள் மாற்றிவிட்டன.

மாத்திரையை விழுங்கியது யார்?

எனினும் மருத்துவர்களை உறுத்திய ஒன்றுண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை நோயாளி உண்மையில் விழுங்குகிறாரா? ‘பாஸ்’ மருந்து வயிற்றைப் புரட்டக்கூடியது. அதன் அளவோ கைநிறையக் கொள்வது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பில் சதை பிடிக்கும். அதன்பின் பத்து மாதம் நோயில்லாதவன் போல் தோன்றுகிறவன் கசப்பு மாத்திரையை எதற்கு விழுங்குவான்?

ஆகவே மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதனைக்கு எடுத்தனர். மருந்து உட்கொண்டவரின் சிறுநீரில் குறித்த ரசாயனத்தைச் சில துளி சேர்த்தால் நிறம் மாறும். உட்கொள்ளாதவரின் நீர் மாறாதிருக்கும். பலர் ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று தெரிய வந்தது. கற்றவர், கல்லாதவர் என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. மருந்து விழுங்கச் சலிப்பது மனித இயல்பு.

இதற்கும் சென்னையே விடை கண்டது. நாள்தோறும் வீட்டில் விழுங்குவதற்குப் பதிலாக, வாரம் இருமுறை நோயாளியை வரச் செய்து, பணியாளர் கண்ணெதிரிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதலான அளவு ஐசோனியாசிட்டும் அளித்தனர். 1964-இல் வெளியான அந்த ஆய்வு, இம்முறை நாள்தோறும் உண்பதற்குச் சற்றும் சளைத்ததன்று எனக் காட்டிற்று. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் நாடுதோறும் பரப்பிய ‘டாட்ஸ்’ என்னும் நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. பின்னர் ரிஃபாம்பிசின் வந்தது. சிறுநீரைச் செந்நிறமாக்கும் அம்மருந்து, ஓராண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கிற்று. சேத்துப்பட்டு மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் பெற்று இன்றும் பணி புரிகிறது.

வரலாற்று நூல்களில் ஃபாக்ஸின் பெயர் இருக்கிறது. அது இருக்க வேண்டியதே. ஆனால் சென்னையின் வெயிலில் சந்து சந்தாக நடந்து, மூடிய கதவுகளைத் தட்டி, மாத்திரை எண்ணிய அந்தப் பெண்களின் பெயர்களை நம்மில் எவர் அறிவோம்?

எங்கள் வீட்டுக் கதவு

இவ்விடத்தில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1981-ஆம் ஆண்டு என்று நினைவு. நான் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். என் தாய்மாமா மாதக்கணக்கில் இருமி, எலும்பும் தோலுமாகிப் பின்கட்டு அறையில் படுத்திருந்தார். அவருக்கெனத் தனித் தட்டு, தனிக் குவளை. கேட்பவர்களுக்கு “இரைப்பு” என்று சொல்லும்படி எங்களுக்குக் கட்டளை. மாமாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரமது. எலும்புருக்கி உள்ள வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற அச்சம் பெரியவர்களுக்கு.

மாமா எப்படியோ தென்காசி சென்று சளி கொடுத்து, ஊசியும் மாத்திரையும் தொடங்கியிருந்தார். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் போவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின்தான் அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்தார். பழைய சைக்கிள், தோளில் ஒரு துணிப்பை. என் பாட்டியார் கதவைப் பாதி திறந்து, “அப்படி ஆரும் இங்கெ இல்ல, தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் வந்தார். மீண்டும் அதே பதில். மூன்றாம் முறை அவர் வாதாடவில்லை. “இல்லாட்டிப் பரவாயில்லம்மா. இந்த மாத்திரையெ மட்டும் வாங்கி வைங்க. ஆருக்காவது தேவைப்படும்” என்று திண்ணையில் பொட்டலத்தை வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் பாட்டியார் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். அத்துடன் அழுதும் விட்டார்கள்.

அதன்பின் அவர் மாதந்தோறும் வந்தார். ஊரார் ஐயுறாதிருக்க, சைக்கிளை எங்கள் தெருவில் நிறுத்தாமல் ஆற்றுப் பாதையில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். மாமா ஓராண்டுக்கு மேல் மருந்து முடித்துத் தேறினார். மகளின் நிக்காஹும் நடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அதன்பின் முப்பதாண்டுகள் வாழ்ந்து பேரப்பிள்ளைகளைக் கண்டபின்தான் மர்ஹூம் ஆனார்.

நான் மதரஸாவில் பட்டம் பெற்று ஆசிரியனாக ஊர் திரும்பியபோது, பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார்: அந்தச் சைக்கிள் மனிதருக்கும் பின்னாளில் அதே நோய் கண்டதாம், விடுப்பிலிருந்து நெடுநாள் சிகிச்சை பெற்றாராம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சென்று பார்க்கவில்லை. பார்க்க விரும்பியிருந்தாலும் முடிந்திராது. ஓராண்டுக்கு மேல் எங்கள் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் குடித்தவரின் ஊரையும் பெயரையும் நாங்கள் கேட்டதேயில்லை. எங்கள் இரகசியத்தை அவர் காத்தார். அவரைப் பற்றி அறிய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

வைத்தியனின் உடல் யார் பொறுப்பு?

பிறர் பிணி தீர்ப்பவனும் பிணிக்கு ஆளாகிறவனே என்பதை நம் முன்னோர் மறக்கவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ ‘அதபுத் தபீப்’ என்ற நூலை எழுதினார். மருத்துவன் நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையோடு, தன் உடலையும் உள்ளத்தையும் பேணிக்கொள்ளும் முறையையும் அவர் விரிவாகப் பேசினார்.

ரசாயனத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே ஆசானாக விளங்கிய அபூபக்ர் அர்ராஸீ தம் நிலையைத் தாமே எழுதியிருக்கிறார். மருத்துவப் பெருந்தொகுப்புக்காகப் பதினைந்தாண்டுகள் இரவும் பகலும் உழைத்ததில் கண்ணொளி மங்கிற்று, கைத்தசைகள் சோர்ந்தன, படிக்கவும் எழுதவும் பிறர் உதவியை நாட வேண்டியதாயிற்று என்கிறார். நாம் ராஸியின் நூல்களைப் புகழ்கிறோம். அந்நூல்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட கண்களை எண்ணுவதில்லை.

இக்கால ஆராய்ச்சி இதனை எண்ணத் தொடங்கியிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியப் பயிற்சி பெறும் மாணவியரிடம் 2007-இலும் 2008-இலும் தோற்சோதனை நடத்தி, 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் புதிதாகக் காசக்கிருமி தொற்றும் வாய்ப்பு அவர்களிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 8. பொதுமக்களின் கணக்கைவிட இது பன்மடங்கு மிகுதி. தொற்றியவர் அனைவரும் நோயாளி ஆவதில்லை. கிருமி பலரிடம் உறங்கியே கிடக்கும். ஆயினும் இருபது வயதுகூட நிரம்பாத பெண்கள் நமக்காக ஏற்கும் ஆபத்து இத்துணை என்பதை நாம் அறிய வேண்டும். தன் கல்லூரியின் நிலையைத் தானே ஆராய்ந்து ஒளிக்காமல் வெளியிட்டதும் பாராட்டுக்குரியது. சன்னல்களைத் திறந்து வைத்தல், இருமுவோரை முதலிலேயே பிரித்து அமர்த்துதல், பணியாளர்க்குத் தக்க முகக்கவசம், ஆண்டுதோறும் அவர்களுக்கும் பரிசோதனை ஆகியவையே காப்பு. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

உடலின் ஆபத்தோடு மனத்தின் சுமையும் உண்டு. காசநோய்ப் பணியில் உள்ளவர்களுள் பலர் நிரந்தர வேலை இல்லாத ஒப்பந்தப் பணியாளர்கள். நோயாளி மருந்தை நிறுத்தினால் இவர்களே பதில் சொல்ல வேண்டும். வீட்டார் கதவை அடைத்தாலும் இவர்களே மீண்டும் வர வேண்டும். அண்டினால் நோய் வரும் என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவதையும் தாங்க வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்ததை நாடே கண்டது. நன்றி மறந்த அச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதுவே சாட்சி.

உணவு என்னும் மறந்த மருந்து

சென்னை ஆய்வைப் பலர் ஒரு வகையில் தவறாகப் புரிந்துகொண்டனர். மாத்திரை இருந்தால் உணவு முக்கியமன்று என்று முடிவு கட்டினர். மருந்தை ஒழுங்காக உண்டவர்கள் அரைவயிற்றோடும் குணமடைந்தனர் என்பதே அவ்வாய்வு சொன்னது. பசி நோயை வரவழைப்பதில்லை என்று அது சொல்லவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நிகழ்ந்த ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. ஏறத்தாழ 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது. சளியில் கிருமி உறுதியானவற்றை மட்டும் எண்ணினால் 48 அளவு குறைந்தது. 2023 ஆகஸ்டில் அது வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்தன!

நம் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. நோய் உறுதியான நாளிலேயே செவிலியர் மூன்று செய்திகளைப் பார்க்கிறார்: உடல் எடை மிக மெலிந்துள்ளதா, மூச்சும் இரத்தத்தின் பிராணவாயு அளவும் எப்படி, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்தான நிலையிலுள்ளவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஓர் எடைபார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் சிறு கருவியும், அவற்றினும் மேலாகக் கவனிக்கும் கண்ணும் போதும்.

மருந்தும் வளர்ந்திருக்கிறது. பழைய மருந்துகளுக்கு அடங்காத காசத்துக்கு ஊசியும் மாத்திரையுமாக இரண்டாண்டுகள் வரை சிகிச்சை அளித்த காலம் உண்டு. கிருமியின் சக்தி உற்பத்தியையே நிறுத்தும் பெடாகுவிலின் முதலியவற்றைக் கொண்டு, அதனையும் ஆறு மாதத்தில் வாய்வழி மாத்திரையாலேயே தீர்க்கும் முறைக்கு 2024-இல் நம் நாடு ஒப்புதல் அளித்தது. இவ்வளவு இருந்தும், 2023-ஆம் ஆண்டில் உலகில் இந்நோயால் மாண்டவர் ஏறத்தாழ 12½ இலட்சம். புதிதாக நோயுற்றோரில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இருக்கிறது. அது நோயாளியை அடையும் வழியில்தான் எங்கோ கதவுகள் அடைபட்டிருக்கின்றன.

நம் கடமை

அகழ்ப்போர்க் காலத்தில் மதீனாவின் பள்ளிவாசலருகே ருஃபைதா என்னும் அன்ஸாரிப் பெண்மணிக்குக் கூடாரம் இருந்தது. காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அங்கேதான் பராமரிக்கப்பட்டார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அப்பெண்மணியின் பெயர் நமக்குத் தெரிகிறது. பணிவிடை செய்தவரின் பெயரைக் காத்து வைத்த சமுதாயத்தின் வழிவந்தவர்கள் நாம். ஆயினும் எங்கள் திண்ணைக்கு வந்தவரின் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே குடும்பத் தலைவர்களையும் தாய்மார்களையும் நான் வேண்டிக்கொள்வது சிலவே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மறைக்காதீர்கள்; அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசமே. மருந்து தொடங்கியபின் நோயாளியை ஒதுக்கவும் வேண்டாம். நிக்காஹை முறிக்கவும் வேண்டாம். ஜமாஅத்தார் தங்கள் ஸதகாவில் ஒரு பங்கை நோயாளியின் வீட்டு அரிசிக்கும் பருப்புக்கும் ஒதுக்கலாம்.

மாத்திரையோடு ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் கதவை முழுதாகத் திறங்கள். உட்காரச் சொல்லுங்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள், “உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?” என்றும் கேளுங்கள். நாற்பதாண்டுகளுக்கு மேலாக நான் கேட்காமற்போன கேள்வி அது.